உப்போடு வரும் மசாலாக் கலவையா, உப்பில்லாமல் வருவதா?

தினசரிச் சமையலைச் சட்டென்று முடிக்க உதவும் என்று கடை அலமாரியில் வரிசையாக நிற்கும் பாட்டில்களை நான்கைந்து வகைக்குள் அடக்கிவிடலாம். உப்புச் சேர்த்த உலர் கலவை, உப்புச் சேர்க்காத உலர் கலவை, சூப்புக்கும் குழம்புக்கும் கரைத்து ஊற்றும் ஸ்டாக் க்யூப், இஞ்சி பூண்டு விழுது, கடைசியாக சோடியம் குறைத்த உப்பு. எல்லாமே நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்கின்றன, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆரோக்கியம் என்று வரும்போதுதான் பாட்டிலுக்குப் பாட்டில் நிலைமை வேறு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரே ஒரு பாட்டில்தான் வாங்குவேன் என்றால் உப்புச் சேர்க்காத உலர் கலவையை வாங்குங்கள். எந்தப் பிராண்டு என்பது அப்புறம்தான்.

உப்புச் சேர்த்த கலவையில் மணத்தையும் உப்பையும் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். மணம் போதவில்லை என்று இன்னும் ஒரு ஸ்பூன் போட்டால் உப்பும் கூடவே ஏறும். உப்பு கரிக்குமே என்று கையை இழுத்துக்கொண்டால் பூண்டும் மிளகும் குறைந்துபோகும். போதாததற்கு, கலவையில் உப்பு இருப்பது தெரிந்தும் பழக்க தோஷத்தில் கை தானாக உப்பு டப்பாவுக்குப் போய்விடும். சமையல் கரித்துப் போவதில் பாதி இந்த இரட்டை உப்பால்தான்.

லேபிளில் என்ன பார்க்க வேண்டும்

'ஆரோக்கியமானது', 'இயற்கை' என்று பாட்டிலின் முன்பக்கத்தில் எழுதியிருப்பதை அப்படியே விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். பொருட்கள் பட்டியல் எடையின் இறங்குவரிசையில் இருக்கும். முதல் பெயரே உப்பு என்றால் அந்தப் பாட்டிலில் மிக அதிகமாக இருப்பது உப்புதான். மசாலா விலை கொடுத்து உப்பு வாங்குகிறீர்கள்.

அடுத்தது சோடியம். 'ஒரு பரிமாறல்' என்ற கட்டத்தைப் பார்க்க வேண்டாம். பல கலவைகளில் ஒரு பரிமாறல் என்பது 1 கிராம், அதாவது கால் டீஸ்பூன் சொச்சம். அந்த அளவுக்கு எந்தச் சரக்கின் சோடியமும் சாதுவாகத்தான் தெரியும். 100 கிராமுக்கு எவ்வளவு என்ற கட்டத்தை எடுத்து, அந்த மில்லிகிராமை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் எடை கிடைக்கும். 100 கிராமுக்கு 16,000 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருந்தால் 40,000 மில்லிகிராம் உப்பு, அதாவது 40 கிராம். பாட்டிலில் ஐந்தில் இரண்டு பங்கு உப்பு. அப்படிப்பட்ட கலவையில் தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சுமார் 4 கிராம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அதில் 1.6 கிராம் உப்பு. நாலு பேர் சாப்பிடும் குழம்புக்கு இரண்டு டீஸ்பூன் போட்டால் 3.2 கிராம் உப்பு ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. இந்தக் கணக்குத் தெரிந்தவர் அதற்கு மேல் உப்பை அளந்து போடுவார், தெரியாதவர் வழக்கமாகப் போடும் அளவையே போடுவார்.

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள், உப்புக் கணக்கில் 5 கிராமுக்குள் நிற்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தூள் உப்பில் தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சுமார் 6 கிராம். ஆக, ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. வெளியே வாங்கும் ரொட்டி, ஊறுகாய், நொறுக்குத்தீனி எல்லாம் இதற்குள் அடக்கம் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

'குறைந்த சோடியம்' என்ற சொல்லுக்கு சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் ஒரு வரம்பு வைத்திருக்கிறது: 100 கிராமுக்கு 120 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. 'சோடியம் குறைக்கப்பட்டது' என்பது வேறு. பழைய தயாரிப்பைவிடக் கொஞ்சம் குறைவு என்பதுதான் அதன் பொருள், இன்னமும் உப்பு மூட்டையாகவே இருக்கலாம்.

பட்டியலில் மாவுச்சத்துத் தூளான மால்டோடெக்ஸ்ட்ரின், சர்க்கரை, பால் பவுடர் மூன்றும் முன்வரிசையில் இருந்தால் கலவையில் மசாலா குறைவு, நிரப்பி அதிகம். உடம்புக்கு என்பது ஒருபுறம், சமையலுக்கே இடைஞ்சல். சூடான வாணலியில் சர்க்கரையும் பால் பவுடரும் மசாலா வேகும் முன்பே கருகும். உணவுச் சேர்பொருள்களுக்கான ஐ.என்.எஸ். எண்களில் 551 என்று இருந்தால் பயப்பட வேண்டாம், தூள் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் சிலிக்கா அது. ஐ.என்.எஸ். 330 என்பது சிட்ரிக் அமிலம். உடம்புக்கு அதனாலும் தொந்தரவில்லை, ஆனால் அது செய்யும் ஒரு வேலை தெரியாமல் பலர் குக்கரைத் திட்டுகிறார்கள்.

பருப்பு, பயறு, கிழங்கு வகைகள் வேகும்போது அமிலம் சேர்ந்தால் அவற்றின் செல்சுவர் இளக மறுக்கும். அதே பயறு, அதே விசில், ஆனால் கடித்தால் நறுக்கென்று நிற்கும். சிட்ரிக் அமிலமோ, எலுமிச்சைத் தூளோ, தக்காளித் தூளோ உள்ள கலவையை வேகவைக்கும் தண்ணீரில் போட்டதுதான் காரணம். இப்படிப்பட்ட கலவையைப் பயறு மசிந்த பிறகுதான் போட வேண்டும். கீரையிலும் பச்சைக் காயிலும் அமிலம் முதலிலேயே போனால் பச்சை நிறம் மங்கி ஆலிவ் நிறத்துக்கு மாறும். பால், கிரீம் சேர்த்த குழம்பில் திரியும். ஒரு கலவையை எப்போது போடுவது என்பதைப் பொருட்கள் பட்டியலே சொல்லிவிடும் என்பது இதனால்தான்.

எண்ணெயில் பதினைந்து விநாடி

உப்பில்லாத கலவையைப் பற்றி வரும் பொதுவான புகார் 'மணமே இல்லை, மண் மாதிரி இருக்கிறது' என்பது. பெரும்பாலும் சரக்கு பழசாக இருக்காது. வேகும் குழம்பின் தலையில் தூவி, ஐந்து நிமிடத்தில் இறக்கியிருப்பார்கள். சீரகம், மல்லி, மிளகாய், மஞ்சள் இவற்றின் மணமும் நிறமும் பெரும்பாலும் எண்ணெயில் கரைபவை. தண்ணீரில் மட்டும் போட்டால் பாதி தூளுக்குள்ளேயே அடைந்து கிடக்கும்.

நாலு பேருக்கான சமையலுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் போதும். சூடானதும் அடுப்பைச் சிம்மில் வையுங்கள். இரண்டு டீஸ்பூன் கலவையை எண்ணெயில் பரவலாகப் போடுங்கள். முதலில் விளிம்பில் சின்னச் சின்னக் குமிழிகள் நுரைத்து வரும். ஐந்தாறு விநாடியில் பச்சைத் தூள் வாசனை அடங்கி வறுத்த வாசனை எழும். எண்ணெய் செந்நிறமாகும். பத்து முதல் பதினைந்து விநாடி, அவ்வளவுதான். அந்த நொடியில் வெங்காயமோ, நறுக்கிய காயோ, இரண்டு ஸ்பூன் தண்ணீரோ உள்ளே போய்விட வேண்டும். நுரை அடங்கி எண்ணெய் பழுப்பாகி மூக்கில் காரம் ஏறினால் தாண்டிவிட்டது. முதலில் கருகுவது பூண்டுத் தூள், அடுத்தது மிளகாய்த் தூள். கருகிய பூண்டின் கசப்பைத் தண்ணீர் ஊற்றியோ சர்க்கரை போட்டோ மறைக்க முடியாது. கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிப்பதுதான் சிக்கனம், போனது ஒரு ஸ்பூன் எண்ணெய்தானே.

கை பதறுகிறவர்களுக்கு ஒரு சுலபவழி: இரண்டு டீஸ்பூன் கலவையை இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கூழாகக் குழைத்து எண்ணெயில் ஊற்றுங்கள். தண்ணீர் வற்றும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், தூள் கருகாது. தண்ணீர் சுண்டி எண்ணெய் ஓரத்தில் பிரிந்தால் பக்குவம். ஒன்றரை நிமிடம் கூடுதல் வேலை, ஆனால் தவறவே தவறாது.

உலர்ந்த இலைகள் சேர்ந்த கலவை, அதாவது ஆரிகனோ, தைம் போன்றவை உள்ளது, எண்ணெய்ச் சூட்டுக்குத் தாங்காது. இறக்குவதற்குப் பத்து நிமிடம் முன்பு போட்டால் இலை நனைந்து மணம் விடும். பச்சை இலை இருந்தால் மூன்று மடங்கு போட்டு, அடுப்பை அணைத்த பிறகு கலக்க வேண்டும்.

உப்பு எங்கே, எப்போது

கலவையில் உப்பு இல்லாததன் பெரிய லாபம், உப்பை வேண்டிய நேரத்தில் போடலாம் என்பதே. வெங்காயம் வதங்கும்போது ஒரு சிட்டிகை உப்பு போட்டால் நீர்விட்டுச் சீக்கிரம் குழையும். காளான், கத்தரி, குடைமிளகாய் போன்ற நீர்க்காய்களுக்கு நேர்மாறு. உப்பு முதலிலேயே போனால் நீர் கசிந்து வாணலியில் குளம் கட்டும், காய் வறுபடுவதற்குப் பதில் அவியும். உப்புச் சேர்த்த கலவையில் மசாலா முதலிலும் உப்பு கடைசியிலும் என்ற வசதியே கிடையாது.

அளவு என்று பார்த்தால், 500 கிராம் காய்க்கு அரை டீஸ்பூன் தூள் உப்பு, அதாவது 3 கிராம். பழகிய நாக்குக்கு இது கொஞ்சம் குறைவாகப் படும். அந்தக் குறையைப் புளிப்பு ஈடுகட்டும்: இறக்கிய பிறகு ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு. உப்பில் மூன்றில் இரண்டு பங்கை வேகும்போதும் மிச்சத்தைப் பரிமாறும் முன் மேலே தூவியும் போட்டால் நாக்கில் நேராகப் படும். அதே அளவு உப்பு, சுவை கூடுதலாகத் தெரியும். கல் உப்பை ஸ்பூனில் அளந்தால் இந்தக் கணக்குத் தப்பும், துகள்களுக்கு இடையில் காற்று இருப்பதால் அதே ஸ்பூனில் எடை குறைவு. சமையலறைத் தராசு இருந்தால் இந்த வம்பே வேண்டாம்.

கோழிக்கு 500 கிராமுக்கு 4 கிராம் உப்பு, இரண்டு டீஸ்பூன் கலவை, ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய். 'மசாலா உள்ளே இறங்கட்டும்' என்று ராத்திரி முழுக்க ஊறவைப்பதில் நினைக்கிற அளவு பலன் இல்லை. கறிக்குள் ஆழமாகப் போவது உப்பு, மசாலாவின் மணம் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் நிற்கும். எனவே துண்டுகளை ஒரே அளவில், கனம் குறைவாக நறுக்கினால் மேற்பரப்பு கூடும், மசாலாவும் ஏறும், வேகும் நேரமும் குறையும். இருபது நிமிடம் ஊறினால் போதும். மசாலா தடவும் முன் துண்டின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுக்காவிட்டால் தூள் கூழாகி வாணலியில் வழிந்துவிடும். நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் தொட்டால் கோழி வெந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மஞ்சளும் மிளகாயும் பச்சைக் கறிக்கும் வெந்த நிறம் கொடுத்துவிடும்.

மீனுக்குப் புளிப்புள்ள கலவை என்றால் பதினைந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அமிலத்தில் மேற்பரப்பு வெளுத்து இறுகி, வேகும்போது உதிரும்.

காயை ஓவனில் வறுப்பவர்கள் 200 டிகிரியில், 500 கிராமுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் பிரட்டி, தட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, இருபதிலிருந்து இருபத்தைந்து நிமிடம் வைக்கலாம். பூண்டுத் தூள் தூக்கலாக உள்ள கலவையைக் கடைசிப் பத்து நிமிடத்தில் தூவுங்கள். நெருக்கி அடுக்கினால் நீராவியில் காய் தொளதொளத்துப் போகும். கலவையைக் குறை சொல்லிப் பயனில்லை.

மற்ற பாட்டில்கள்

ஸ்டாக் க்யூப் வசதியானதுதான், ஆனால் அதில் பாதியோ அதற்கு மேலோ உப்பாக இருப்பதே வழக்கம். 10 கிராம் கட்டி ஒன்றை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்தால் ஏறத்தாழ 1 சதவீத உப்புக் கரைசல் கிடைக்கும். அது குடிக்கிற சூப்புக்குச் சரியான உப்பு. அதையே குழம்பில் ஊற்றிப் பாதியாகச் சுண்டவைத்தால் 2 சதவீதம், வாயில் வைக்க முடியாது. சுண்டும் குழம்புக்குக் கால் கட்டி போதும், வேறு உப்பு கடைசிவரை கூடாது. அரிசி, தானியம் வேகும் தண்ணீருக்கு அரைக் கட்டி போட்டு உப்பை அப்படியே தவிர்த்துவிடலாம். இதற்கு மட்டும் க்யூபுக்கு ஒரு சபாஷ்.

க்யூபிலும் கலவையிலும் வரும் இன்னொரு பெயர் மோனோசோடியம் குளுட்டமேட் (எம்.எஸ்.ஜி.), ஐ.என்.எஸ். 621. இதன் மேல் உள்ள பயம் இதன் தகுதிக்கு மிஞ்சியது. 1908-ல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்த அதே குளுட்டமேட், பழுத்த தக்காளியிலும் காளானிலும் முதிர்ந்த பாலாடைக்கட்டியிலும் இயல்பாகவே இருக்கிறது. சோடியம் கணக்கில் பார்த்தால் உப்பில் சுமார் 39 சதவீதம், இதில் சுமார் 12 சதவீதம்தான். ஆகவே உப்பைக் குறைத்து அந்த இடத்தில் கொஞ்சம் இதைப் போட்டால் மொத்தச் சோடியம் இறங்கும். 500 கிராமுக்குக் கால் டீஸ்பூன் போதும், மிஞ்சினால் வாயில் ஒரு வழவழப்பான சலிப்புத் தட்டும். உப்பைக் குறைக்காமல் இதையும் போடும் கலவைகள்தான் பிரச்சினை. 'சேர்க்கப்பட்ட எம்.எஸ்.ஜி. இல்லை' என்ற பாட்டிலில் ஈஸ்ட் சாறு இருந்தால் குளுட்டமேட் அந்த வழியாக வந்துவிட்டது என்று அர்த்தம். கெடுதல் என்பதற்காக இதைச் சொல்லவில்லை, அந்த வாசகத்துக்காகக் கூடுதல் விலை தராதீர்கள் என்பதற்காக.

பாட்டில் இஞ்சி பூண்டு விழுதில் உப்பும் அமிலமும் இருக்கும். கெடாமலிருக்க அது தேவை. பால் சேர்க்கும் சமையலில் திரிவதற்கும், அளந்து போட்டும் உப்பு கூடுவதற்கும் இதுவும் ஒரு காரணம். வீட்டில் அரைத்தால் ஃப்ரிட்ஜில் மூன்று நான்கு நாள். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, ஒரு தடவைக்கு ஒரு கட்டி எடுத்துக்கொள்ளலாம். பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்கவிட்டு வெளியே வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். காற்றில்லாத அந்த எண்ணெய்க்குள் பாட்டுலிசம் என்ற கடும் நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் கிருமி வளர வாய்ப்புண்டு, வாசனையிலோ நிறத்திலோ அது தெரியாது. பூண்டை நசுக்கிய கையோடு எண்ணெயில் போடாமல் பத்து நிமிடம் விட்டால், நசுங்கும்போது உண்டாகும் அல்லிசின் என்ற காரமணப் பொருள் முழுதாக உருவாக நேரம் கிடைக்கும். காய் நறுக்கி முடிக்கும் நேரம்தான் அது.

சோடியம் குறைத்த உப்பில் ஒரு பங்கு சோடியம் குளோரைடுக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல், பொதுவான ஆரோக்கியமுள்ள பெரியவர்கள் வழக்கமான உப்புக்குப் பதில் இதைப் பயன்படுத்தலாம் என்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோருக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் உடம்பில் பொட்டாசியத்தை ஏற்றும். எனவே மாத்திரை சாப்பிடுபவர் இருக்கும் வீட்டில் மருத்துவரைக் கேட்காமல் உப்பு டப்பாவை மாற்றக் கூடாது. சுவையில் லேசான கசப்பு, உலோக வாடை உண்டு. புளிப்பும் மிளகும் உள்ள சமையலில் அடங்கிவிடும், வெறும் சாதத்திலும் முட்டையிலும் காட்டிக் கொடுத்துவிடும்.

வாங்காமலே

உப்பில்லாக் கலவை கிடைக்கவில்லை என்றால் பத்து நிமிட வேலை. வெங்காயத் தூள் 4 டீஸ்பூன், பூண்டுத் தூள் 3, சீரகத் தூள் 2, மல்லித் தூள் 2, மிளகுத் தூள் ஒன்றரை, மிளகாய்த் தூள் 1, உலர்ந்த ஆரிகனோ 2. சீரகத்தையும் மல்லியையும் முழுசாக வாங்கி, வெறும் வாணலியில் சூடு ஏறும்வரை வறுத்து, நன்றாக ஆறவிட்டு மிக்ஸியில் அடித்தால் மணம் இன்னும் தூக்கும். ஆறாமல் அடித்தால் ஜாடியில் வியர்த்துக் கட்டி பிடிக்கும். உலர்ந்த காளான் இருந்தால் அரைத்து 2 டீஸ்பூன் சேர்க்கலாம், உப்புக் குறைவு பாதி தெரியாது. 500 கிராம் காய்க்கோ கறிக்கோ 2 டீஸ்பூன் வீதம், ஏழு தடவைக்கு மேல் வரும். மொத்தமாகச் செய்து குவிக்காதீர்கள், அரைத்த மசாலா நாளாக நாளாக இளைத்துக்கொண்டே போகும்.

கடையில் வாங்கினாலும் சின்ன பாட்டில்தான் சரி. ஓட்டை மூடியைத் திறந்து, கொதிக்கும் பாத்திரத்தின் மேலேயே கவிழ்த்துத் தட்டுகிறோம் அல்லவா, பாட்டிலைக் கெடுப்பது அந்தத் தட்டல்தான். ஆவி ஓட்டை வழியாக ஏறி உள்ளே குளிரும். இரண்டு வாரத்தில் மேலே ஒரு கட்டி, அதன் கீழே மணம் போன தூள். உள்ளங்கையிலோ ஸ்பூனிலோ எடுத்து அங்கிருந்து போடுங்கள், அளவும் கையில் நிற்கும். அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வைக்காதீர்கள். ஆறு மாதம் தாண்டிய பாட்டில் என்றால் ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். பத்து விநாடிக்குள் மூக்குக்கு வாசனை எட்டவில்லை என்றால், எண்ணெயில் போட்டாலும் எட்டாது.